தொலைக்காட்சித் திரையும் காட்சித் தெளிவும்

ஐயமும் திரிபும் அற்ற காட்சியே மெய்யறிவுக்கு முதற்கருவி என்பது அளவைநூலார் துணிபு. கயிற்றைப் பாம்பெனக் காண்டல் திரிபு. கயிறோ பாம்போ எனத் துணியமாட்டாது நிற்றல் ஐயம். இவ்விரு குற்றங்களும் காணப்படும் பொருளிடத்து உள்ளனவல்ல. ஒளி போதாமையாலும், சேய்மையாலும், கண்ணின் ஆற்றற் குறைவாலும், இடையே நிற்கும் தடைகளாலும் அவை நேர்வன.

இந்நாளில் மக்கள் காண்பனவற்றுட் பெரும்பகுதி நேரே காணப்படுவதன்று. திரையொன்றின் வழியாகக் காணப்படுவதாகும். நாட்டு நடப்பும், விளையாட்டும், திருவிழாவும், மாணாக்கருக்குரிய பாடமுங்கூடத் திரையிலே தோன்றுகின்றன. ஆகவே திரையிற் காணும் காட்சி எத்துணைத் தெளிவுடையது, அத்தெளிவு எவற்றைப் பொறுத்தது என்னும் வினா வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதன்று, அறிவைப் பற்றியதாகும். ஊதியத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக்கொண்டு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் புகும் குடும்பத்தினர்க்கு அது பொருளைப் பற்றிய வினாவுமாம்.

கடைகளில் இவ்வினாவுக்கு விடையாக ஓர் எண்ணே கூறப்படுகின்றது. 720 என்றும், 1080 என்றும், 4 கே என்றும் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் அவ்வெண் பெரிதாயின் காட்சியும் சிறந்தது எனப் பலர் கருதுவர். அவ்வெண் பொய்யன்று, ஆனால் முழுவுண்மையும் அன்று. ஒளிப்பதிவுக் கருவியிலிருந்து காண்பவரது கண் வரையிலுள்ள நெடிய சங்கிலியில் திரை ஒரு கண்ணியே. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே ஆதல்போல, காட்சியின் தெளிவும் அச்சங்கிலியில் யாது மிகக் குறைந்ததோ அதனாலேயே வரையறுக்கப்படும். இவ்வுண்மை மன்னார்க் கரையிலுள்ள ஒரு சிற்றூரின் நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப்படும்.

கோடுகளும் புள்ளிகளும்

திரையிற் காணும் படம் தொடர்ச்சியான ஒரு முழுமையன்று. கிடைக்கோடுகள் பலவாக அது பகுக்கப்பட்டிருக்கும். கோடு ஒவ்வொன்றும் புள்ளிகள் பலவாகப் பகுக்கப்பட்டிருக்கும். படத்தின் மிகச் சிறிய கூறாகிய அப்புள்ளி பிக்சல் என வழங்கப்பெறும். பாயொன்றில் ஓலைக் கீற்றின் அகலத்தினும் நுண்ணிய உருவத்தைப் பின்னவியலாதவாறு போல, ஒரு புள்ளியினும் நுண்ணியதாகிய எதனையும் திரை காட்டமாட்டாது. இங்ஙனம் நுண்ணிய பகுதிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் ஆற்றலே பிரிதிறன் எனப்படும்.

முழு எச்.டி. எனப்படும் திரையில் ஒரு கோட்டுக்கு 1920 புள்ளிகளாக 1080 கோடுகள் உள; மொத்தம் 20,73,600 புள்ளிகள். 4 கே எனப்படும் திரையில் 3840 புள்ளிகளாக 2160 கோடுகள். மொத்தம் 82,94,400 புள்ளிகள். நீளமும் உயரமும் இவ்விரு மடங்காதலின் புள்ளிகள் நான்கு மடங்காயின. ஆயினும் நான்கு மடங்கு புள்ளிகள் என்பதனால் நான்கு மடங்கு தெளிவு என்று கொள்ளுதல் தவறாகும். ஒரு திசையில் நோக்கின் நுண்மை இரு மடங்கே மிகுந்துள்ளது. அதுவும் ஏனைய கண்ணிகள் இடந்தரும்பொழுதே கண்ணுக்குப் புலனாகும்.

எண்ணிக்கையின் வரலாறு

எண்ணைப் பெருக்கும் முயற்சி தொலைக்காட்சி தோன்றிய நாள் தொட்டே நிகழ்ந்துவருவதாகும். 1926 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26 ஆம் நாள் இலண்டன் மாநகரில் யோன் லோகி பெயாட் என்பார் அறிஞர் குழுவொன்றின் முன்னிலையிற் காட்டிய படம் முப்பது கோடுகளையே உடையது. முகம் முகமெனத் தெரிந்தது; அதற்கு மேல் அதனிடத்து எதிர்பார்த்தற்கில்லை. பத்தாண்டு கழித்து, 1936 ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. நிறுவனம் தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபொழுது 240 கோட்டு முறையும் 405 கோட்டு முறையும் மாறி மாறிக் கையாளப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே 240 கோட்டு முறை கைவிடப்பட்டது. அக்காலத்தில் அவ்விரண்டும் 'உயர் நுணுக்கத் தொலைக்காட்சி' என்றே போற்றப்பட்டன என்பது கருதத்தக்கது. உயர்வு என்னுஞ் சொல் ஒவ்வொரு தலைமுறையிலும் வெவ்வேறு எண்ணைக் குறித்துவந்துள்ளது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரான்சு நாடு 819 கோட்டு முறையை மேற்கொண்டது. நுணுக்கத்தில் அக்காலத்தில் அதற்கு நிகரான பொது ஒளிபரப்புப் பிறிதில்லை. ஆனால் அத்துணைக் கோடுகளையும் ஏந்திச் செல்லுதற்கு வானலைப் பரப்பிலே ஏனைய முறைகளைக் காட்டிலும் மிக அகன்ற இடம் வேண்டியிருந்தது. கோடு மிகுந்தது, அதனைச் சுமக்கும் வழி அதற்கேற்ப எளிதிற் கிட்டவில்லை. ஈற்றில் 1980களின் முற்பகுதியில் அம்முறை வழக்கொழிந்தது. கோடுகளின் எண்ணிக்கை மட்டுமே வெற்றிக்குப் போதியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் 625 கோட்டு முறையே கைக்கொள்ளப்பட்டது. தில்லியில் 1959 ஆம் ஆண்டிலும் சென்னையில் 1975 ஆம் ஆண்டிலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. இலங்கையில் 1979 ஆம் ஆண்டு ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சி முதன்முதலாக ஒளிபரப்பிற்று. யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த ரூபவாகினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் தன் பணியைத் தொடங்கியது.

இம்முறையிற் சொல்லப்படும் 625 கோடுகளுள்ளும் படத்தைத் தாங்குவன ஏறத்தாழ 575 மட்டுமே. எஞ்சியவை கதிர் திரையின் அடியிலிருந்து முடிக்கு மீளும் காலத்திற் கழிவன. மேலும் ஒரு கோட்டின் படப்பகுதி திரையில் வரையப்படும் காலம் செக்கனின் பத்து இலட்சத்தில் 52 பங்காகும். அதனை ஏந்தும் சைகையின் மீடிறன் எல்லை 5 மெகாஹேட்ஸ். எனவே ஒரு கோட்டில் 260 அலைகள், அஃதாவது ஒளியும் இருளுமாக 520 மாற்றங்களே அடங்கும். இங்ஙனம், பெட்டியின் மேலுள்ள எண் ஒன்றாகவும் கண்ணுக்கு எட்டும் நுணுக்கம் பிறிதாகவும் இருத்தல் பழைய நாள் தொட்டே உள்ளதாகும்.

நறுவிலிக்குளத்தின் நிலை

சங்கிலியின் அடுத்த கண்ணி சைகை வந்து சேரும் வழி. இதனை விளக்குதற்கு நறுவிலிக்குளம் மிகப் பொருத்தமான இடமாகும். நறுவிலி மரத்தாற் பெயர்பெற்ற இவ்வூர் மன்னார்த் தீவுக்குத் தென்கிழக்கே, பெருநிலப்பரப்பில், நானாட்டான் பகுதியில், மன்னார் வளைகுடாவின் கரையை அடுத்துள்ளது. நிலம் தட்டையானது, மலையோ குன்றோ அருகில் இல்லை.

தொலைக்காட்சிக்குரிய அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டிற் செல்லும் இயல்பின. பூமியோ உருண்டை. ஆகவே கோபுரம் எத்துணை உயர்ந்ததாயினும் ஓரெல்லைக்கு அப்பால் நிலத்தின் வளைவு குறுக்கிடும். வளிமண்டலம் அலைகளைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதனால் அவ்வெல்லை கண்ணால் நோக்கும் அடிவானத்தினும் சற்றே அப்பாற்படும். அதனைக் கணித்தற்கு ஓர் எளிய விதியுண்டு: கோபுரத்தின் உயரத்தை மீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கின் எல்லை கிலோமீற்றரில் வரும்; பெறுவோரின் அன்ரனாவுக்கும் அவ்வாறே கணித்து இரண்டையும் கூட்டல் வேண்டும்.

இராமேசுவரத்திலுள்ள தூரதர்ஷன் கோபுரம் 323 மீற்றர் உயரமானது. இந்தியாவின் மிக உயர்ந்த கட்டமைப்புக்களுள் ஒன்று. விதிப்படி அதன் எல்லை 74 கிலோமீற்றர். பத்து மீற்றர்க் குழாயின் உச்சியிற் கட்டப்பட்ட அன்ரனாவின் எல்லை 13 கிலோமீற்றர். இரண்டுங் கூடி 87 கிலோமீற்றராகும். நறுவிலிக்குளத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட தொலைவும் ஏறத்தாழ அதுவே. தலைமன்னார் அவ்வெல்லைக்குள் நன்கு அடங்குவது. நறுவிலிக்குளமோ எல்லையின் விளிம்பில் நிற்பது.

தெற்கே நோக்கினும் நிலை அதுவே. ரூபவாகினியின் முதன்மையான ஒளிபரப்பு நிலையம் இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2524 மீற்றர் உயரத்தில் உள்ளது. மேற்கூறிய விதிப்படி அன்ரனாவின் எல்லையையுங் கூட்டினால் 220 கிலோமீற்றர் வரும். இவ்வூருக்கு அம்மலையும் ஏறத்தாழ 220 கிலோமீற்றரே. வடகிழக்கில் கொக்காவிலில் இருந்த நிலையம் 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது; 2011 ஆம் ஆண்டு 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் அங்கே எழுப்பப்பட்டது. இவ்வூரிலிருந்து அது ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஆதலின் எல்லைக்குள் அடங்குவது.

விளிம்பில் நிற்கும் ஊருக்கு ஒரு நாட் காட்சி மறுநாள் வாய்ப்பதில்லை. காற்று ஓய்ந்த வெப்பமான மாலைகளிற் கடற்பரப்பை ஒட்டிய காற்றில் நீராவி செறிந்திருக்கும்; மேலே செல்லச் செல்ல அது விரைந்து குறையும். அப்பொழுது அலைகள் வழக்கத்தினும் மிகுதியாக முறிந்து, கடலின் வளைவைப் பின்பற்றி, ஒரு குழாயினுட் செல்வனபோல நெடுந்தொலை செல்லும். 1980களிலும் 1990களிலும் கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை இலங்கையின் வடபுலத்துக் கரையூர் மக்கள் கண்டது இக்காரணத்தாலேயே. முந்நூறு கிலோமீற்றர் அப்பாலுள்ள நிலையம் ஓரிரவு தெளிவாகத் தெரியும். மறுநாள் வெண்புள்ளிகள் கொதிப்பதன்றி வேறொன்றும் தெரியாது. பெட்டி மாறவில்லை, கோடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, காற்றே மாறிற்று.

கடற்காற்றிலுள்ள உப்பும் இதற்குத் துணைபோவதாகும். அன்ரனாவின் இணைப்புக்களை அது அரிக்கும். கம்பியின் உறையிற் சிறு வெடிப்பு உண்டாயின் நீர் புகுந்து சைகையை உறிஞ்சும். இத்தகைய இடங்களிற் புதுப்பெட்டிக்குச் செலவிடும் பொருளிற் சிறுபகுதியை இணைப்புக்களைத் துப்புரவு செய்தற்கும், கம்பியை மாற்றுதற்கும், அன்ரனாவைச் சில அடி உயர்த்துதற்கும் செலவிடின் கிடைக்கும் பயன் பெரிதாகும்.

இலக்கமுறையும் சுருக்கமும்

வானலை வழியிலிருந்த பழைய ஒளிபரப்பு முறை இந்தியாவில் 2022 ஆம் ஆண்டளவிற் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. கூரைகளின் மேல் அன்ரனாக்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செய்மதித் தட்டுக்கள் தோன்றியுள்ளன. பூமத்தியகோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு நிலத்தின் வளைவு ஒரு தடையன்று; அவ்வகையில் நறுவிலிக்குளமும் கொழும்பும் ஒரே நிலையின. ஆனால் வேறு தடைகள் உள. அவ்வலைகளின் நீளம் ஏறத்தாழ இரண்டரைச் சதமமீற்றரே. பெருமழை அவற்றை உறிஞ்சுவதனால், மாரிகாலத்தில் மழை கொட்டும் வேளையிற் படம் நின்றுவிடும்.

பழைய முறைக்கும் இலக்கமுறைக்கும் உள்ள இயல்பு வேறுபாடு இங்கே விளங்கும. பழைய முறையிற் சைகை மெலிய மெலியப் படமும் படிப்படியாக மங்கும். புள்ளிகள் நிறைந்த மங்கற் படத்திலும் ஆள் இன்னார் எனக் கண்டுகொள்ளலாம். இலக்கமுறையில் ஓரெல்லை வரையிற் படம் குறைவின்றி நிற்கும். எல்லையைக் கடந்தவுடன் முற்றாக அறும். முன்னையது சரிவு, பின்னையது செங்குத்துப் பாறை.

இலக்கமுறையில் மறைந்து நிற்கும் மற்றொரு கண்ணி சுருக்கம் ஆகும். முழு எச்.டி. படமொன்றைச் செக்கனுக்கு 25 முறையாக உள்ளவாறே அனுப்பப் புகின், புள்ளியொன்றுக்கு 24 இலக்கக்கூறுகள் என்னுங் கணக்கில், செக்கனுக்கு 124 கோடிக்கு மேற்பட்ட கூறுகளை அனுப்பல் வேண்டும். ஒளிபரப்பிற் கிடைக்கும் வழியோ ஒரு கோடி கூறுகள் அளவினதே. ஆகவே நூற்றில் ஒன்றாகப் படம் சுருக்கப்படுகின்றது.

இச்சுருக்கத்திற்கு அடிப்படையான கணித முறையை 1974 ஆம் ஆண்டு வெளியிட்டோர் மூவர்: பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, நடராசன், கே. ஆர். ராவ் என்போர். படத்தைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மாறும் ஒளியையும் விரைந்து மாறும் நுண்ணிய கூறுகளையும் இம்முறை வேறு வேறாகப் பிரித்துத் தரும். கண்ணுக்கு இன்றியமையாத முன்னவை காக்கப்படும்; இடம் போதாவிடிற் பின்னவை கழிக்கப்படும். அலைவீசுங் கடலும், மழையும், விளையாட்டு அரங்கிற் கைதட்டும் கூட்டமும் திரையிற் சதுரங்களாகச் சிதைந்து தோன்றுதற்குக் காரணம் இதுவே. அவற்றுள் நுண்ணிய மாற்றங்கள் மிகுதி. அவற்றைச் சுமக்க இடம் இல்லை.

ஆகவே பெயரளவில் ஒரே எண்ணை உடைய இரு ஒளிபரப்புக்கள் தெளிவில் ஒத்திருத்தல் வேண்டுமென்பதில்லை. நன்கு சுருக்கப்பட்ட 720 கோட்டுப் படம், இடமின்றி நெருக்கப்பட்ட 1080 கோட்டுப் படத்தினும் கண்ணுக்கு இனிதாதல் உண்டு. பழைய 576 கோட்டு நிகழ்ச்சியை 4 கே திரையிற் காணும்பொழுது, இடைப்பட்ட புள்ளிகளைப் பெட்டி தானே கணித்து நிரப்புகின்றது. அது தேர்ந்த ஊகமேயன்றிக் காட்சியன்று. ஒளிபரப்பில் இழந்த நுணுக்கத்தைத் திரை மீட்டுத் தரமாட்டாது.

கண்ணின் எல்லை

சங்கிலியின் ஈற்றுக் கண்ணி காண்பவரின் கண். வட்டத்தை 360 பாகைகளாகவும், பாகையை 60 கலைகளாகவும் பகுத்தல் சோதிட நூலார்க்கும் வானநூலார்க்கும் பழகிய வழக்காகும். நோயற்ற கண் ஏறத்தாழ ஒரு கலை அளவுள்ள நுண்பகுதியைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவர் கொண்ட அளவுகோல். அதனினும் கூரிய கண்களும் உள. எனினும் கணக்கிடுதற்கு இவ்வளவு போதும்.

மூன்று மீற்றர் தொலைவில், அஃதாவது பத்தடியில், ஒரு கலை என்பது 0.87 மில்லிமீற்றர் ஆகும். அத்தொலைவில் அதனினும் நுண்ணிய இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். வீடுகளிற் பெருவழக்கினதாகிய 43 அங்குலப் பெட்டியின் திரை உயரம் 53 சதமமீற்றர். 0.87 ஆல் வகுப்பின், பத்தடி தொலைவிலிருப்பார் பிரித்தறியக்கூடிய கோடுகள் ஏறத்தாழ 610 எனக் காணலாம். திரையில் 1080 கோடுகள் இருப்பினும் 2160 கோடுகள் இருப்பினும் அவர்க்குக் கிட்டுவது பெரும்பாலும் ஒன்றே. அத்தொலைவில் 1080 கோடுகளும் வேறு வேறாகத் தெரிதற்குத் திரை 94 சதமமீற்றர் உயரமுடையதாதல் வேண்டும். அது 75 அங்குலப் பெட்டி. 2160 கோடுகளும் தெரிதற்குத் திரை ஓர் ஆளுயரத்தினும் மிகுந்து, ஏறத்தாழ 1.88 மீற்றர் உயர்ந்திருத்தல் வேண்டும்.

இதனை எளிய வாய்பாடாகவும் கூறலாம். திரையின் உயரத்தை ஓரளவாகக் கொண்டால், பழைய 576 கோட்டுப் படத்திற்கு அவ்வுயரத்தின் ஆறு மடங்கு தொலைவும், 1080 கோட்டுப் படத்திற்கு மூன்று மடங்கும், 2160 கோட்டுப் படத்திற்கு ஒன்றரை மடங்கும் தக்கனவாம். இத்தொலைவினும் அப்பால் இருப்பின் நுணுக்கம் வீணாகும். மிக நெருங்கியிருப்பின் புள்ளிகள் தெரியும். கடைக்குச் செல்லுமுன் வீட்டிலே இருக்கைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு நாடாவால் அளந்து செல்வோர், பெட்டியின் மேலுள்ள எண்ணை மட்டும் நோக்குவோரினும் நன்கு தேர்வர்.

ஒளியும் நிறமும் இயக்கமும்

பிரிதிறன் காட்சித் தரத்தின் ஒரு கூறு மட்டுமே. அதனோடு ஒக்கவும், சிலபொழுது அதனினும் மிகவும் வேண்டப்படுவது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடாகும். வெண்மை நன்கு விளங்கிக் கருமை நன்கு கறுத்திருப்பின், குறைந்த கோடுகளை உடைய படமும் கூர்மையாகத் தோன்றும். கதவும் சாளரமும் திறந்து கடலொளி நிறைந்த கூடத்தில், சிறந்த திரையின் கருமையும் சாம்பல் நிறமாக வெளிறிவிடும். பெட்டியை மாற்றுதலினும் அதனை ஒளி நேரே படாத சுவருக்கு மாற்றுதல் ஆங்குப் பயனுடைத்து.

நிறத்தைப் பொறுத்தவரையிற் கண் ஒளியளவு கூர்மை உடையதன்று. ஆகவேதான் 1960களின் தொடக்கத்தில் செருமானியப் பொறியியலறிஞர் வால்ற்றர் புரூக் அமைத்த பால் முறையிலும், இன்றைய இலக்கமுறையிலும், நிறத்திற்கு ஒளியைக் காட்டிலும் குறைந்த இடமே ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும் நிறத்தின் செம்மை வேறு. தோலின் நிறமும் இலையின் பசுமையும் இயற்கையோடு ஒத்திருத்தல் வேண்டும். கடைகளிற் கண்ணைக் கவர்தற்பொருட்டு மிகைப்படுத்தப்பட்டிருக்கும் நிறத்தை வீட்டிற்கு வந்தபின் தணித்துக்கொள்ளுதல் நன்று.

இயக்கமும் கருதற்பாலது. நிற்கும் படத்தில் 1080 கோடுகளையும் காட்டும் திரை, ஓடும் பந்தைக் காட்டும்பொழுது அதனை இழுவுண்ட நிழலாக்கிவிடலாம். செக்கனுக்கு எத்தனை முறை படம் புதுக்கப்படுகின்றது, புள்ளிகள் எத்துணை விரைவில் நிலைமாறுகின்றன என்பவற்றை எண்ணொட்டி கூறுவதில்லை. கண்ணே கண்டு தேர்தல் வேண்டும்.

வகுப்பறைத் திரையும் தமிழ்ப் புள்ளியும்

இவையனைத்தும் ஒருங்கே கூடி நிற்கும் இடம் வகுப்பறை. 2020 ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் இலங்கை மாணாக்கருக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. பாடசாலைகளின் வகுப்பறைகளிலும் இப்பொழுது திரைகள் இடம்பெறுகின்றன. ஆங்கே தெளிவு குறையின் இழக்கப்படுவது இன்பமன்று, எழுத்து.

தமிழெழுத்துக்குப் புள்ளி உயிரனையது. 'கல்' என்பதிற் புள்ளி மறையின் 'கல' என்றாகும்; 'பல்' என்பது 'பல' என்றாகும். எகரமும் ஏகாரமும் ஒரு சிறு கீற்றால் வேறுபடுவன. ஆகவே தமிழ் கற்பிக்கும் திரைக்குத் தேர்வு வைத்தற்கு மெய்யெழுத்தின் புள்ளியினும் தக்க அளவுகோல் இல்லை.

1.2 மீற்றர் உயரமான கரும்பலகை திரை முழுவதும் நிறையுமாறு படம்பிடிக்கப்படுகின்றது எனக் கொள்க. ஆசிரியர் 5 சதமமீற்றர் உயரத்தில் எழுதுகின்றார். புள்ளி அதன் எட்டிலொரு பங்கு. எழுத்தின் உயரம் பலகையின் 24இல் ஒரு பங்கு. 576 கோட்டுப் படத்தில் எழுத்துக்கு 24 கோடுகளும் புள்ளிக்கு 3 கோடுகளுமே வாய்க்கும். சைகை சற்று மெலியினும், சுருக்கம் சற்று மிகினும் அப்புள்ளி மறையும். 1080 கோட்டுப் படத்திற் புள்ளிக்கு ஐந்துக்கு மேற்பட்ட கோடுகள் கிடைக்கும், அது நிலைக்கும். இங்கே கோடுகளின் எண்ணிக்கை மெய்யாகவே பயன்தருகின்றது.

ஆனால் அப்படத்தை 32 அங்குலத் திரையில் ஒரு வகுப்பு முழுவதும் காண்கின்றது எனின் நிலை வேறாகும். திரையின் உயரம் 40 சதமமீற்றர். அதிற் புள்ளியின் அளவு 2.1 மில்லிமீற்றர். மூன்று மீற்றர் தொலைவிலுள்ள முன்வரிசை மாணாக்கனுக்கு அது நன்கு தெரியும். எட்டு மீற்றர் தொலைவிலுள்ள பின்வரிசை மாணாக்கனின் கண்ணுக்குப் பிரிக்கவியலும் அளவோ 2.3 மில்லிமீற்றர். அவனுக்குப் புள்ளி இல்லை. திரை 1080 கோடுகளை உடையதாயினும், 2160 கோடுகளை உடையதாயினும் அவனுக்கு அது வாராது. முன்வரிசையான் 'கல்' எனப் படிக்கப் பின்வரிசையான் 'கல' எனப் படிப்பன். குறை அவனது கருத்தின்மையன்று, வடிவியலின் விளைவு.

இதற்குரிய மருந்து மூன்று. பெரிய திரையை வைத்தல் ஒன்று. மாணாக்கரை நெருங்கியிருக்கச் செய்தல் மற்றொன்று. மூன்றாவது செலவற்றது: எழுத்தைப் பெரிதாக்குதல். ஐந்து சதமமீற்றருக்குப் பதிலாக எட்டுச் சதமமீற்றர் உயரத்தில் ஆசிரியர் எழுதுவாராயின், அதே திரையிற் புள்ளி 3.3 மில்லிமீற்றராகும், பின்வரிசையானும் படிப்பன். வரிகள் குறையும், ஆனால் எழுதியது அனைவர்க்கும் சென்றடையும்.

முடிபு

காட்சித் தெளிவு என்பது திரையின் தனிக் குணமன்று. ஒளிப்பதிவும், சுருக்கமும், சைகை வரும் வழியும், திரையும், அறையின் ஒளியும், இருக்கையின் தொலைவும், கண்ணும் ஆகிய அனைத்தும் கூடி ஆக்குவதாகும். அவற்றுள் மிக மெலிந்தது எது எனக் கண்டு அதனைத் திருத்துதலே அறிவுடைமை. பெருநகரத்தில் நல்ல சைகையைப் பெற்று, பெரிய திரையை நெருங்கியிருந்து காண்பார்க்கு 2160 கோடுகள் பயன்தரலாம். கடற்கரையின் விளிம்பில் நிற்கும் ஊரிலுள்ளார்க்கு அரிப்பற்ற ஓர் இணைப்பும், மழை புகாத ஒரு கம்பியும் அதனினும் மிகுந்த பயன் தரலாம். பின்வரிசை மாணாக்கனுக்கோ பெரிதாக எழுதும் ஓர் ஆசிரியரே போதும்.

சேய்மையும், ஒளிக்குறையும், கண்ணின் எல்லையும் காட்சியைத் திரிப்பன என முன்னோர் வகுத்தனர். திரைகள் மாறினும் அவ்வரையறை மாறவில்லை. எண்ணைக் கண்டு மயங்காது, அவ்வெண் எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என வினவும் பழக்கம் மாணாக்கரிடத்து வேரூன்றுமாயின், அது தொலைக்காட்சிப் பெட்டி வாங்குதற்கு மட்டுமன்றிப் பிறவற்றுக்கும் துணையாகும்.